சொருகுகண்

அந்தக் குச்சி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்து, எழுந்து நின்று மூவேளை செபம் சொல்லி முடித்து, பத்தொன்பது பெண்களும் சேலையை ஒதுக்கி மறுபடி உட்கார்ந்து, மரக்குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் ஓட்டுக்கூரையில் மழை பிடித்தாற்போலக் கூடம் முழுக்கப் பிடித்தும் ஆயிற்று, கில்டாவின் தலையணையில் மட்டும் ஒரு குச்சி, பக்கத்துக் குச்சியைத் தாண்டி விழுந்து, நூலில் தொங்கியபடி, போவதா வேண்டாமா என்று பஸ் படியில் நிற்கிற ஆளைப் போல ஆடுகிறது. அவள் அதைத் தாண்டச் சொல்லவில்லை. கைதான் செய்தது, செய்துவிட்டு, பாலைக் குடித்த பூனை மாதிரி ஒன்றும் தெரியாமல் மடியில் வந்து படுத்துக்கொண்டது, கில்டா கையைப் பார்க்கிறாள், குச்சியைப் பார்க்கிறாள், அட பாவி, என்று வாய்க்குள் சொன்னது கைக்கா தனக்கா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ரேந்தை என்பது லேஸ், ரேந்தைத் தலையணை என்றால் தலை வைக்கிற தலையணை இல்லை, வைக்கோலை இறுக்கி அடைத்த உருளை, அதன்மேல் ஊசியால் பூ வரைந்தாற்போல ஓட்டை குத்திய அட்டை, ஓட்டைக்கு ஒரு குண்டூசி, குண்டூசிகளிலிருந்து நூல் இறங்கி நூலின் நுனியில் பன்னிரண்டு ஜோடிக் குச்சிகள், இதை வைத்துச் செய்கிற வேலை மொத்தம் இரண்டே இரண்டு, நடுவில் கிடக்கும் இரண்டு குச்சிகளை இடம் மாற்றிப் போட்டால் அது மாற்று, ஜோடிக்குள் ஒன்றைத் தூக்கி இன்னொன்றின்மேல் போட்டால் அது முறுக்கு, மாத்து, முறுக்கு, மாத்து, முறுக்கு, இப்படியே போனால் வெள்ளைக்காரிகள் கல்யாணத்துக்குப் போடுகிற முக்காட்டின் ஓரம் பூத்துவிடும், நூலுக்கு நடுவே தெரிகிற ஓட்டைக்குக் கண் என்று பெயர், ஒரே ஒரு முறுக்கு கூடிப்போனால் நூல் இறுகி அந்தக் கண் பாதி மூடிக்கொள்ளும், தூக்கக்கலக்கத்தில் இருப்பவள் கண் மாதிரி, அதற்குச் சொருகுகண் என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது, ஆனால் கன்னியர் மடத்து ரேந்தைக் கூடத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. இன்று கில்டாவுக்குச் சோதனை. நாலு மணிக்குள் ஒரு சாண் பின்னிக் காட்ட வேண்டும், சுத்தமாக இருந்தால் ஜன்னலோரத்து இந்த நாற்காலி அவளுக்கு, ஒரு சொருகுகண் கண்டாலும் ஈஸ்டர் கழிந்து அடுத்த சோதனைக்கு வா என்று அனுப்பிவிடுவார்கள், அரைச் சாண் தாண்டிவிட்டாள், இதுவரை எல்லாக் கண்ணும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, இந்தக் குச்சியை இப்படியே விட்டு அடுத்த ஊசியைக் குத்தினால் ஒன்று சொருகும்.

காலையில் சிஸ்டர் அமலி படியிலேயே சொல்லிவிட்டார், துண்டைப் பாக்குறது நானில்ல கேட்டீங்களா, செலஸ்தியக்காதான், அவங்க கண்ணுக்குத் தப்பி ஓர் எறும்பு போவாது. செலஸ்தி திரும்ப வந்து இங்கே மேற்பார்வைக்கு இருக்கிறாள் என்பது கருங்கல் சந்தை வரைக்கும் தெரிந்த செய்தி, கில்டாவுக்கு மட்டும் தெரியாமல் போகுமா, தெரிந்துதான் பத்து மாதம் இந்தப் படியேறாமல் இருந்தாள், பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், சொகமா இருக்கியா பிள்ளே, சொகமா இருக்கியா பிள்ளே, உள்ளே நுழைந்தால் கோடி மேசையிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஒருத்தி எழுந்து வருகிறாள், முன்நெற்றி முழுக்க நரை, கழுத்தில் நாடா அளவுகோல், சட்டையின் தோளில் சிவப்பு நூல் கோத்த ஊசி, வாங்க, இருங்க, என்றாள். இதே கூடத்தில் எக்கா, எக்கா என்று கில்டாவின் பின்னாலேயே திரிந்த வாய். அந்த ‘ங்க’ நடுவில் எழும்பிய மதில் மாதிரி இருந்தது, கில்டா கொண்டுவந்த பிள்ளேயை விழுங்கிவிட்டு, சொகமா இருக்கீங்களா, என்றாள், இருக்கோம், என்றாள் செலஸ்தி, பிறகு சட்டம் சொன்னாள், மணி அடிச்சா கண்ணைப் பாதியில போட்டுட்டு எழும்பப்பிடாது, முறுக்கு வரைக்கும் முடிச்சிட்டுத்தான் செபத்துக்கு நிக்கணும், அது இஞ்ச நான் வச்ச சட்டம். சொல்லிவிட்டுத் திரும்பிப் போகும்போதே அவள் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது, சத்தமில்லாமல், ஓயாமல், பக்கத்து நாற்காலிப் பெண் கில்டாவின் காதோரம் சிரித்தாள், பாத்தீங்களா, செபமாலை அக்கான்னுதான் நாங்க விளிக்கும், நடக்கையிலயும் செபம் இருக்கையிலயும் செபம், மோட்சத்துல முதல் நாற்காலி அவங்களுக்குத்தான்.

கில்டாவுக்கு மோட்சத்து நாற்காலி வேண்டாம், இந்த நாற்காலி கிடைத்தால் போதும். முதுகு சாய்க்க ஒரு பலகை, கால் தொங்கப்போட ஓர் இடம், இருபத்து நான்கு வருடமாக அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான், ஒரு குச்சிக்கு ஒரு வருடம் என்று வைத்தாலும் தலையணை நிறைந்துவிடும். அந்தப் பக்கத்தில் முந்திரி ஆலைக்கு அண்டியாபீஸ் என்று பெயர், ஆபீஸ் என்றதும் மேசை, மின்விசிறி என்று நினைத்துவிடக் கூடாது, கல்யாணம் கழிந்த நாற்பதாம் நாள் கணவனின் அக்கா கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள், ஆபீஸுக்குப் போறேன், ஆபீஸுக்குப் போறேன் என்று சொல்லிக்கொண்டு போனவள் அங்கே கண்டது ஒரு கல், ஒரு மரச்சுத்தியல், வறுத்த அண்டியின் குவியல், குத்துக்காலிட்டுக் குந்தி ஒவ்வொன்றாய்த் தட்டி உடைக்க வேண்டும், அதற்குத் தல்லுவது என்று பெயர், தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் விரலைப் புண்ணாக்கிவிடும், சாம்பலைத் தேய்த்துக்கொண்டு தல்ல வேண்டும், ஒரு மாதத்தில் கை கரிக்கட்டையாகிவிட்டது, அந்தக் கையோடு வெள்ளை நூலைத் தொட முடியுமா, நூல் கிடக்கட்டும், மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு எடுத்த வெள்ளை உடுப்பைக்கூட மணிக்கட்டால்தான் தூக்கி வைத்தாள், அம்மா தொட்டிராத, என்று மகள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, பிள்ளை தப்பாகச் சொல்லவில்லை. தூக்கத்தில் மட்டும் கை வெளுத்துவிடும், கனவில் அண்டிக் குவியலைத் தோண்டத் தோண்ட உள்ளிருந்து குச்சிகள் வரும், அவள் மாற்றுவாள், முறுக்குவாள், பாயில் விரல் நெளியும், பக்கத்தில் படுத்திருக்கும் ஸ்டீபன் புரண்டு, எளவு, ஒறக்கத்துலயும் அண்டி தல்லுறியா, என்பான், இல்லை என்று அவள் சொன்னதில்லை. பிறகு ஸ்டீபன் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் பாறை வழுக்கி இடுப்பு விழுந்து கட்டிலோடு ஆனான், அவளுக்கு முழங்கால் இரண்டும் போயின, இனி குந்தினா எழும்ப மாட்டே, என்று டாக்டர் சொல்லிவிட்டார், இருந்து செய்யுத வேலை ஏதாம் உண்டான்னு பாரு, உனக்க பழைய மடத்துல கேளு, என்று கட்டிலிலிருந்தே ஸ்டீபன் சொன்னபோது, கையில கறை இருக்கு, என்றாள், கறை போக மூன்று முறை தோல் உரிய வேண்டியிருந்தது, தோல் உரிந்து புதுத்தோல் வந்த பிறகும் பத்து மாதம் வேறு வேறு சாக்கு சொன்னாள், சாக்கின் பெயர் செலஸ்தி.

ஏனென்றால் அந்த முக்காடு. அப்போது கில்டாவுக்கு வயது இருபத்து மூன்று, செலஸ்திக்கு இருபது, கடல் தாண்டி ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், முக்காட்டின் ஓரத்துக்கு ரேந்தை அவசரமாக வேண்டும், நூலை அறுக்காமல் ஒரே தலையணையில் பின்ன வேண்டும், மதர் யோசித்துப் பார்த்து, மணி வரைக்கும் கில்டா, மணிக்குப் பிறகு செலஸ்தி, மாறி உட்காருகிறபோது பாதிக் கண்ணில் விடக்கூடாது, கில்டா நீ முறுக்கு போட்டு முடிச்சிட்டு எழும்பணும், செலஸ்தி நீ மாத்துல தொடங்கணும், என்று சொல்லி உட்கார வைத்தார், பதினோரு நாள், ஒரு தலையணை, இரண்டு பேர், நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் உட்காருவாள், எக்கா நாற்காலியில அடுப்பு வச்சிட்டு எழும்புனியா, என்று செலஸ்தி சிரிப்பாள், நீ ஒறங்காம பின்னு பிள்ளே, என்று கில்டா அவள் மண்டையில் தட்டிவிட்டுப் போவாள், ஏனென்றால் செலஸ்தி வீட்டில் படுத்துக் கிடக்கும் அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, மூன்று மைல் ஓடி வருவாள், வரும்போதே கண் சொருகியிருக்கும். முக்காடு போனது. இரண்டு மாதம் கழித்து அதே பெட்டியில் திரும்பி வந்தது. மதர் அதைப் பெரிய மேசையில் விரித்தபோது, வெள்ளைப் பரப்பில் சிவப்பாய் எறும்பு ஊர்வது போல இருந்தது, எறும்பு இல்லை, நூல், கண் சொருகிய இடத்திலெல்லாம் பின்னின ஆளுக்குத் தெரியட்டும் என்று வாங்கியவர்கள் ஒரு சிவப்பு நூலைக் கட்டி அனுப்பியிருந்தார்கள், ஒன்று, இரண்டு, பதினொன்று, இரண்டு சாணுக்கு ஒன்றாக ஒழுங்காக. மதர் நெடுநேரம் பார்த்தார், பதினோரு நாளு, பதினோரு கண்ணு, மாறி உக்காருத இடம், என்றார், யாருக்க கை.

அந்த நிமிஷத்தில் கில்டா கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்க என்ன இருந்தது, கூடத்திலேயே வேகமான கை அவள் கை, சொருகுகண்ணே விழாத கை, பொய் சொல்லவும் இல்லை, யாரையும் மாட்டிவிடவும் நினைக்கவில்லை, காலையில் கிழக்கே வெளுக்கும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள், எனக்க கை தப்பாது மதர். எல்லாரும் செலஸ்தியைப் பார்த்தார்கள். செலஸ்தி தன் இரண்டு கையையும் விரித்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள், கில்டா சொன்னால் அது வேதம் அவளுக்கு, அப்பம் எனக்க கையாத்தான் இருக்கும் மதர், எனக்குக் கண்ணு சொருகத்தான் செய்யும், என்றாள். அழவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள், கேட் வரை கொண்டுவிடப் போன கில்டா அவள் தோளைத் தட்டி, கை பழகுனா சரியாவும் பிள்ளே, என்று ஆறுதல் சொன்னாள், ஆறுதல், அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது, செலஸ்தி தலையாட்டினாள், திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள், ஆறு வருடம் தேய்த்தாள், நடுவில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், பிறகு வந்த வேறொரு மதர், கை போதவில்லை என்று தேடிக் கூப்பிட்டபோது திரும்பி வந்தவள்தான் இந்த நரைத்த நெற்றி, இந்தச் சிவப்பு நூல், இந்த ஓயாத உதடு.

குச்சி ஆட்டம் குறைந்துவிட்டது. இப்போது கில்டாவுக்கு ஒவ்வொன்றாகத் தெரிகிறது, முக்காட்டுக்கு முன்னால் சொந்தத் தலையணையில் பின்னிய காலத்தில் மணி அடித்தால் அவள் மாற்றோடு நிறுத்திவிடுவாள், முறுக்கு பாக்கி நிற்கும், செபம் முடிந்து உட்கார்ந்ததும் முதல் வேலை அந்த முறுக்கு, நாலு வருடம் தினமும், சாப்பிட்டால் வாய் துடைப்பது போல, முக்காட்டுக்கு உட்கார்ந்தபோது மதர் சொன்ன சட்டத்தைத் தலை கேட்டது, முறுக்கை முடித்துவிட்டு எழுந்தாள், ஆனால் கைக்கு யார் சொன்னார்கள், செபம் முடிந்து ஊசிப்பெட்டியை எடுக்க ஒரு கணம் உட்காருவாள், அந்த ஒரு கணத்தில் கை தன் பழைய முறுக்கைப் போட்டுவிட்டு எழும்பும், மின்னல் மாதிரி, அவள் கண்ணுக்கே தெரியாது, செலஸ்தி வந்து மாற்றில் தொடங்குவாள், பதினோரு நாள், பதினோரு கண். இன்றைக்கு முட்டி வீங்கி மாட்டுவண்டியாய் நகர்கிற கை என்பதால் கண்ணில் பட்டது, ஓடியவரை அகப்படாதது. முறுக்கை முடித்தாள், எழுந்தாள், செபித்தாள், உட்கார்ந்தாள், கை போய் இன்னொன்றைப் போட்டது. இருபத்து நான்கு வருடம் அண்டி தல்லியும் அது மறக்கவில்லை.

அந்தக் குச்சியைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டால் போதும். யாரும் பார்க்கவில்லை, கண் விழித்துக்கொள்ளும், நாலு மணிக்கு நாற்காலி கிடைக்கும், நாளைக்கும் மறுநாளும் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், ஸ்டீபனிடம், கிடைச்சாச்சு, என்று ஒரு சொல் சொல்லலாம், செலஸ்திக்குத்தான் இப்போது என்ன குறை, மேற்பார்வைக்கு இருக்கிறாள், எல்லாரும் அக்கா என்கிறார்கள், ஆறின சோற்றைக் கிளறி என்ன ஆகப்போகிறது, இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, அவளுக்குத் தூங்க வேண்டும் போலிருக்கிறது, உண்மை சொல்லக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டாமா, கை மடியிலிருந்து எழுந்து குச்சியைத் தொட்டும் விட்டது. அப்போதுதான் செலஸ்தி வரிசை பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையணை எதையும் தொடாமல், உதடு மட்டும் அசைய, கில்டாவின் தோளருகே வந்தபோது அந்தச் செபம் முதன்முதலாகக் காதில் விழுந்தது, அது செபமில்லை. மாத்து, முறுக்கு, மாத்து, முறுக்கு. வெறுங்கையோடு நடக்கிறாள், எண்ணுகிறாள். மாத்து, முறுக்கு, என்றபடியே கடந்து போனாள், பாத்திரம் தேய்க்கும்போதும் எண்ணியிருப்பாள், தன் கை தனக்குத் தெரியாமல் என்ன செய்துவிடுமோ என்று, காவல் வைத்த வீட்டுக்காரி மாதிரி, இத்தனை வருடம்.

கில்டா குச்சியை விட்டுவிட்டாள். மாற்றைப் போட்டாள், அடுத்த ஓட்டையில் ஊசியைக் குத்தினாள், நூல் இறுகியது, கண் மெதுவாகச் சொருகியது. பிள்ளே, இஞ்ச வா, என்று கூப்பிட்டாள்.

பத்தொன்பது தலையணையும் நின்றுவிட்டன, செலஸ்தியக்காவைப் பிள்ளே என்று கூப்பிட இந்தக் கூடத்தில் யாருக்கும் வாய் கிடையாது. அவள் திரும்பி வந்தாள், கண்ணாடியைப் போட்டாள், கில்டா விரலால் காட்டினாள். சொருகுகண், என்றாள் செலஸ்தி. ஆமா, மணி அடிச்ச பொறவு போட்டது, முறுக்கை முடிச்சிட்டுத்தான் எழும்புனேன், வந்து இருந்ததும் கை இன்னொண்ணு போட்டுது, நான் போடல்ல, கை போட்டுது, முக்காட்டுக்கும் இதே கைதான் பிள்ளே, பதினொண்ணும் எனக்கது, என்றாள் கில்டா. செலஸ்தி குனிந்தபடியே, என்னப் பாத்துப் பாவப்பட்டு வேணும்னு போட்டதா, என்றாள். எனக்கு நாற்காலி வேணும் பிள்ளே, முட்டு ரெண்டும் போச்சு, வேணும்னு போடுவேனா. செலஸ்தி நகத்தை அந்தக் கண்ணின்மேல் வைத்து மெல்ல நெருடினாள், இடப்பக்கம் சாஞ்சிருக்கு, என்றாள், யாரிடமோ சொல்வது போல, அந்தப் பதினொண்ணும் இடப்பக்கம்தான் சாஞ்சிருந்துது, நான் எத்தன தடவ போட்டுப் பாத்திருக்கேன் தெரியுமா, தப்பா, வேணும்னே, எனக்கு வலப்பக்கம்தான் சாயும், எப்பம் போட்டாலும் வலப்பக்கம். அப்பம் உனக்குத் தெரியும், என்றாள் கில்டா. தெரிஞ்சி என்னத்துக்கு, நீ தப்பாதுன்னு சொன்னியே. கில்டாவுக்குத் தலை நிமிரவில்லை, மதர்கிட்ட சொல்லணும், என்று முனகினாள், எந்த மதர்கிட்ட, அவங்க கல்லறைக்கு வருசம் வருசம் பூ வைக்கது நான்தான், போய்ச் சொல்லு, கேப்பாங்க, என்றாள் செலஸ்தி.

சொல்லிவிட்டுத் தோளிலிருந்து சிவப்பு நூல் ஊசியை எடுத்தாள், சொருகிய கண்ணில் நூலைக் கோத்து, முடிச்சிட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். சோதனை தோத்தாச்சு, சட்டம் சட்டந்தான், ஈஸ்டர் கழிஞ்சு வா. வா என்றாள். கில்டாவுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை, பிறகு, சரி, என்று நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள், எழுந்த இடத்தில் செலஸ்தி உட்கார்ந்துவிட்டாள், முன்பு போலவே, சூடு ஆறுவதற்குள், தலையணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சிவப்பு நூலுக்கு அடுத்த கண்ணில், மாற்றில் தொடங்கினாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் கில்டா ஜன்னலருகே நின்றாள், ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து மாதம், ஸ்டீபனிடம் என்ன சொல்வது, பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் கலங்கலாக வந்து போயிற்று, வெளிச்சத்த மறைக்காத எக்கா, அங்கோட்டு நில்லு, என்றாள் செலஸ்தி தலை தூக்காமல், கில்டா நகர்ந்தாள், வெயில் தலையணைமேல் விழுந்தது, மணி அடித்ததும் நூலில் தொங்கி ஆடிய அதே குச்சி, இப்போது செலஸ்தியின் விரலில் தாண்டியது, திரும்பியது, தாண்டியது, எங்கேயும் நிற்கவில்லை, மற்ற தலையணைகள் ஒன்றொன்றாகப் பிடித்துக்கொண்டன, ஓட்டுக்கூரையில் மறுபடி மழை, பக்கத்து நாற்காலிப் பெண் மட்டும் பின்னாமல் செலஸ்தியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன பார்க்கிறாள் என்று கில்டாவும் பார்த்தாள், உதடு அசையவில்லை.